‘கன்ஃபெஸர்’ பாவம் கேட்பவர் அல்லர்

புனிதர் ஒருவரின் பெயரோடு ஆங்கிலத்தில் ‘கன்ஃபெஸர்’ என்று வந்தால் போதும், ‘பாவசங்கீர்த்தனம் கேட்பவர்’, அதாவது பிறர் சொல்லும் பாவங்களைக் கேட்கும் குரு, என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். துறவி மாக்சிமுஸும் இதற்குத் தப்பவில்லை. 662-இல் அவருடைய நாக்கையும் வலக்கையையும் வெட்டி நாடுகடத்தினார்கள். அந்தப் பட்டம் அதனால் வந்தது. கொடுமைக்கு முன் வாய்விட்டுச் சொன்ன விசுவாசத்துக்காகக் கிடைத்த பெயரை, பாவம் கேட்கும் வேலைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

சொல்லின் வேர் எளியது. கிரேக்கத்தில் ‘ஹொமொலொகேத்தேஸ்’, அதாவது ஒப்பச் சொல்பவர், வெளிப்படையாக ஏற்றுச் சொல்பவர். லத்தீனில் ‘கொன்ஃபெஸ்ஸோர்’. விசுவாசத்தை ரோம ஆளுநர் முன் சொல்லி உயிரையும் கொடுத்தவர் வேதசாட்சி. சொல்லி, வதைபட்டு, உயிர் பிழைத்தவர் கன்ஃபெஸர்.

எகிப்தின் தேபாயிது நாட்டு ஆயர் பப்நூத்தியுஸைப் பாருங்கள். வனத்து அந்தோணியாரின் சீடர் என்று அறியப்பட்ட தவசி. ரோமப் பேரரசர் மாக்சிமினுஸ் தாயா கிறிஸ்தவர்கள் மேல் நடத்திய கலாபனையில், அதாவது மதத் துன்புறுத்தலில், அவருடைய வலக்கண்ணைத் தோண்டி, இடக்காலின் நரம்பை அறுத்து, சுரங்க வேலைக்கு அனுப்பினார்கள். இது அவர் ஒருவருக்கு நேர்ந்ததன்று. தேபாயிதிலிருந்து வந்த 97 பேருக்கும் பாலஸ்தீனத்தில் இதே தண்டனை தந்ததைத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் பதிந்திருக்கிறார். வெட்டிய இடத்தைக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். கால் போனவன் ஓட மாட்டான், கை மட்டும் வேலைக்கு மிஞ்சும். பப்நூத்தியுஸ் 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்துக்கு அந்தக் காலோடுதான் போனார். கான்ஸ்டன்டைன் பேரரசர் அவருடைய கண்குழியை முத்தமிட்டார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இவரைப் ‘பாவசங்கீர்த்தனம் கேட்பவர்’ என்றால் அந்தக் கண்ணுக்கு என்ன பொருள்?

‘ஒப்புதல் அளித்தவர்’, ‘வாக்குமூலர்’ என்று எழுதுபவர்களும் உண்டு. இவை இன்னும் மோசம். தமிழில் ‘ஒப்புக்கொண்டான்’ என்றாலே குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்றுதான் காதில் விழும். “நீ கிறிஸ்தவனா?” என்று கேட்ட ஆளுநருக்கு வேண்டுமானால் அது வாக்குமூலம். “ஆம், கிறிஸ்தவன்” என்று சொன்னவனுக்கு அது வாக்குமூலம் அன்று. நம் சொல் கேட்டவன் பக்கம் நிற்கக் கூடாது, சொன்னவன் பக்கம் நிற்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்துக்கொண்டு, அது யாருடைய வாயிலிருந்து வந்தது என்று பார்க்காமல் போவதால் வரும் கேடு இது.

பழைய கத்தோலிக்க நாட்காட்டிகளில் ‘ஸ்துதியர்’, ‘துதியர்’ என்று இருக்கிறது. இதைப் பிழை என்று தள்ளுபவர்கள் லத்தீனை அரைகுறையாகப் பார்த்தவர்கள். ‘கொன்ஃபித்தேரி’ என்ற வினைக்குப் புகழ்தல் என்ற பொருளும் உண்டு. “கர்த்தரைத் துதியுங்கள், அவர் நல்லவர்” என்ற சங்கீத அடி லத்தீனில் அந்த வினையோடுதான் தொடங்குகிறது. ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. பிற்காலத்தில், வேதசாட்சியாக இறக்காத ஆண் புனிதர் எல்லாருக்குமே இந்தப் பட்டம் போயிற்று. 1066-இல் படுக்கையில் இறந்த இங்கிலாந்து அரசர் எட்வர்டும் கன்ஃபெஸர்தான். துதியர் என்பது அவருக்கு அழகாகப் பொருந்தும். பப்நூத்தியுஸின் அறுபட்ட நரம்பை அது சொல்லாது.

அவருக்கு ‘விசுவாச அறிக்கையர்’ என்பதே சரி. மத்தேயு 10:32-இல் ‘மனுஷர் முன்பாக என்னை அறிக்கைபண்ணுகிறவன்’ என்று தமிழ் வேதாகமம் மொழிபெயர்த்திருப்பது ‘ஹொமொலொகேத்தேஸ்’ என்ற சொல்லுக்கு வேரான அதே கிரேக்க வினையை. வெறும் ‘அறிக்கையர்’ போதாது. பாவ அறிக்கையும் நம்மிடம் இருப்பதால் ‘விசுவாச’ என்ற முன்னொட்டை விடக் கூடாது. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவை அப்படியே, பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு என்றே எழுதலாம்.