ஐக்கியம்: சொல் விளக்கம்

"ஆண்டவரோடு ஐக்கியத்துல வளரணும்." தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துச் சபைகளுக்குப் போய்வருகிறவர்களுக்குக் காதில் ஊறிய வாக்கியம் இது. கடவுளோடு தனக்கு இருக்கும் சொந்த உறவு ஆழமாக வேண்டும் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். தனி ஜெபம் விட்டுப்போனால் "ஐக்கியம் கொறஞ்சுபோச்சு" என்பார்கள். அப்புறம் வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கிய சங்கம் என்று பெயர்ப்பலகைகளிலும் அதே சொல். சபையை விட்டு வெளியே வந்து டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால் அது வேறு வேலை பார்க்கிறது: நேற்றுவரை ஒரு கட்சி, இன்று எதிர்க்கட்சியில் ஐக்கியம்!

இந்த இரண்டு பொருளும் ஒன்றல்ல.

முதலில் சொல்லின் பிறப்பு. வடமொழியில் 'ஏக' என்றால் ஒன்று. அதிலிருந்து பிறந்தது 'ஐக்ய', அதாவது ஒன்றாயிருக்கும் தன்மை. வேதம் என்பதிலிருந்து வைதிகம் வந்ததுபோலத்தான் ஏகாரம் இங்கே ஐகாரமாகிறது. ஆகவே நேர்ப்பொருள் ஒருமை, ஒன்றாதல். ஐக்கிய நாடுகள் சபை என்பதில் இருப்பது இந்தப் பொருள். சமய வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டறக் கலப்பது என்றாகிவிட்டது. 'சோதியில் ஐக்கியமானார்' என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். வீரசைவத்தில் ஆறு நிலைகளில் கடைசி நிலைக்குப் பெயரே ஐக்கியம். மடாதிபதி மறைந்தால் கன்னடப் பத்திரிகைகள் 'லிங்கைக்கிய' என்று எழுதும். எல்லையோர ஓசூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல.

விவிலியத்தில் ஐக்கியம் நிற்கும் இடத்தில் மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் கொய்னோனியா. அதன் வேர் 'கொய்னோஸ்'; பொருள், பொது. பொதுவில் பங்கு வைத்திருப்பவன் 'கொய்னோனோஸ்'. லூக்கா 5:10-இல் யாக்கோபும் யோவானும் சீமோனுக்கு என்ன உறவு? 'கூட்டாளிகள்' என்கிறது பழைய தமிழ் வேதாகமம். அங்கே இருப்பது இந்தச் சொல்தான். ஒரே தொழில், வலை கிழிகிற அளவுக்கு மீன் விழுந்தால் மற்றப் படகில் இருக்கிற கூட்டாளியைக் கைகாட்டிக் கூப்பிடலாம். யாரும் யாரோடும் கரைந்துபோகவில்லை.

நம் மாவட்டங்களின் பத்திரங்களில் இந்தப் பொருளை அப்படியே பார்க்கலாம். மானாவாரி நிலம் அதிகமுள்ள ஊர்களில் ஒரு கிணறு நாலு பேருக்குப் பொது. 'கிணற்றிலும் மோட்டாரிலும் நாலில் ஒரு பங்கு பாத்தியம்' என்று எழுதியிருக்கும். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மோட்டார் காயில் எரிந்தால் செலவிலும் நாலில் ஒரு பங்கு. பங்கு என்றால் லாபம் மட்டுமல்ல, பாடும் சேர்த்துத்தான். அப்போஸ்தலர் பவுலும் பிலிப்பியர் 3:10-இல் கிறிஸ்துவின் 'பாடுகளின் ஐக்கியத்தை' அறிய வேண்டும் என்கிறார். கரைதல் என்ற பொருளை வைத்துக்கொண்டு இந்த வசனத்தைப் படித்தால் தலைகால் புரியாது. பங்கு என்று படித்தால் பளிச்சென்று விளங்கும். எருசலேமில் இருந்த ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் திரட்டிய பணத்தையும் ரோமர் 15:26 இதே கிரேக்கச் சொல்லால்தான் குறிக்கிறது. கடவுளோடு உறவு என்று பேசுகிற சொல்லுக்குள் காணிக்கைப் பணமும் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தமிழாக்கியவர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்புதான் இன்றும் சீர்திருத்தச் சபைகளில் அதிகம் புழங்குகிறது. அதில் கொய்னோனியா இடத்துக்கு இடம் வேறு உடுப்பு போட்டிருக்கிறது. 1 யோவான் 1:3-இல் ஐக்கியம். அப்போஸ்தலர் 2:42-இல் அந்நியோந்நியம். அதற்கு உறவான ஆள்பெயர் 1 பேதுரு 5:1-இல் 'பங்காளி' என்று வருகிறது. பொருளுக்கு மிகக் கிட்டே போகும் சொல் பங்காளிதான். ஆனால் நம் ஊரில் பங்காளி என்றதும் அடுத்து வருவது சண்டை! வரப்புத் தகராறு இல்லாத பங்காளியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

அந்நியோந்நியம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். அந்நியம் என்றால் வேறு. அது இரட்டித்து 'ஒருவருக்கொருவர்' என்று ஆகிறது. புருஷன் பெண்டாட்டி அந்நியோந்நியமாக இருக்கிறார்கள் என்று சொல்கிறோம். இருவரும் இருவராகவே இருந்து நெருங்குவது அது. கன்னட வேதாகமம் 1 யோவான் 1:3-இல் இந்தச் சொல்லையே வைத்திருக்கிறது: அன்யோன்யதெ. தெலுங்கில் சகவாசமு. ஓசூர்ப் பக்கம் மூன்று மொழியும் ஒரே தெருவில் புழங்குவதால் ஒரே வசனத்தை மூன்று நிறத்தில் கேட்கலாம். தமிழில் சகவாசம் கெட்டுப்போய்விட்டது, பாவம்! 'சகவாசம் சரியில்லை' என்று திட்டத்தான் அதை எடுக்கிறோம்.

சரி, தமிழ்ச் சொல் எது?

ஐக்கியத்தின் அகராதிப் பொருளுக்கு மட்டும் என்றால் ஒருமை, ஒன்றிப்பு. ஒன்றியம் என்று போட்டால் நம்மவர்களுக்குப் பென்னாகரம் ஊராட்சி ஒன்றியம்தான் கண்ணுக்குத் தெரியும். கூட்டுறவு உண்மையில் அழகான சொல்; கூட்டும் இருக்கிறது, உறவும் இருக்கிறது. ஆனால் அது பால் சங்கத்துக்கும் பாலக்கோடு சர்க்கரை ஆலைக்கும் போய்ச் சேர்ந்து நாளாகிறது.

1995-இல் வந்த திருவிவிலியம் என்ற தமிழ் மொழிபெயர்ப்பு தேர்ந்தெடுத்தது நட்புறவு. சேலத்திலிருந்து பிரிந்து 1997-இல் உருவான தர்மபுரி மறைமாவட்டத்துக் கோயில்களில், திருப்பலித் தொடக்கத்தில் 'தூய ஆவியாரின் நட்புறவும்' என்று குருவானவர் வாழ்த்துவதைக் கேட்கலாம். 'பரிசுத்த ஆவியினுடைய ஐக்கியமும்' என்று மற்றச் சபைகளில் ஆசீர்வாதம் சொல்வதும் அதே 2 கொரிந்தியர் கடைசி வசனம்தான். நட்பு என்பது நள் என்ற வேரிலிருந்து வந்தது. செறிதல், சேர்தல் என்று பொருள். உறவு, உறு என்பதிலிருந்து, கிட்ட வருதல். இரண்டிலும் இரண்டு பேர் வேண்டும். யோவான் 15:15-இல் சீடர்களை இனி ஊழியக்காரர் என்று சொல்வதில்லை, சிநேகிதர் என்று இயேசு சொன்னதோடும் நட்புறவு நன்றாக ஒட்டுகிறது. அது விட்டுவிடுவது அந்தப் பங்கு என்ற அம்சத்தை. அதற்கு நட்புறவைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் சுமக்கிற ஒற்றைச் சொல் கிடையாது.

என் கட்சி இது: கடவுளோடு ஒருவருக்குள்ள உறவைச் சொல்ல நட்புறவு, திருவிருந்தின் அப்பமும் பாத்திரமும் பேசப்படும் 1 கொரிந்தியர் 10:16 போன்ற இடங்களில் பங்கு, பங்குகொள்ளுதல். ஐக்கியத்தில் ஊறி ஜெபிக்கிறவர்கள் அதை விடவும் வேண்டாம். பொருளை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டால் போதும். 'ஐக்கியத்தில் வளர' என்று கண்ணை மூடித் தன்னை மறந்து கரைய முயல்கிறவர்கள் உண்டு. கரைந்த பிறகு பேச யார் இருக்கிறார்? ஜெபம் என்பது பேச்சு. கேட்கவும் பதில் சொல்லவும் கோபித்துக்கொள்ளவும் இரண்டு பக்கம் இருக்க வேண்டும். சங்கீதங்களில் பாதி அப்படித்தானே ஓடுகிறது! இன்னொன்று, 1 யோவான் முதல் அதிகாரம் கடவுளோடு உள்ள ஐக்கியத்தைச் சொன்ன கையோடு, ஏழாம் வசனத்தில் 'ஒருவரோடொருவர் ஐக்கியப்பட்டிருப்போம்' என்கிறது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் இந்தச் சொல்லை முடித்துவிட முடியாது.

எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த 1 யோவான் 1:7-இல் வரும் வினை 'ஐக்கியப்படு'. கட்சி மாறுகிறவருக்கும் சோதியில் கலந்தவருக்கும் நாம் சொல்வது 'ஐக்கியமாகு'. உறவைச் சொல்லும்போது முதல் வினையையே எழுதினால் குழப்பம் பாதி தீரும்.