திரும்பி நிற்கும் 'ந'

மானிப்பாயிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் இந்த வருடம்தான் தரம் 1. "கொப்பியில 3, 7 ரெண்டையும் எப்பவும் மறுபக்கமாத்தான் எழுதுறாள். 'ந' சில நாள் சரி, சில நாள் திரும்பி நிக்குது. போன கிழமை தன்ர பேர் முழுக்க வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கமா எழுதிப்போட்டாள். கண்ணாடியில பிடிச்சுப் பார்த்தா வடிவா வாசிக்கலாம்! ரீச்சர் கண் டொக்டரிட்டக் காட்டச் சொல்லுறா. அம்மம்மா நூல் கட்டினாச் சரிவரும் எண்டுறா. நான் என்ன செய்ய, சேர்?"

கண்ணைக் காட்டுவதில் பிழையில்லை, எந்தப் பிள்ளைக்கும் அது நல்லதுதான். ஆனால் கண்ணில் கோளாறு இருந்தால் எழுத்து மங்கும், திரும்பாது. நூல் விடயம் வேறு. கட்டினாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் சரிவரும், கட்டாவிட்டாலும் சரிவரும். கட்டினால் பெயர் நூலுக்குப் போகும், அவ்வளவுதான். இடக்கைப் பழக்கமும் காரணமில்லை. வலக்கையால் எழுதும் பிள்ளைகளும் இதையே செய்கிறார்கள். கெட்டித்தனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. எழுதத் தொடங்கும் வயதில், சுமார் 7 வயது வரை, உலகம் முழுவதும் பிள்ளைகள் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

சரி, ஏன்? யாரும் அவர்களுக்குத் திருப்பி எழுதக் காட்டிக் கொடுக்கவில்லையே. கரும்பலகையில் ரீச்சர் நேராகத்தான் எழுதுகிறார். பார்க்காத ஒன்றை இவ்வளவு சுத்தமாக எழுத எங்கே கற்றார்கள்?

எழுத்து மனிதருக்கு வந்து ஏறத்தாழ 5,000 வருடங்கள்தான் ஆகின்றன. மூளை தன்னை அதற்கென்று மாற்றிக்கொள்ள அது போதாத காலம். அதனால் வாசிக்கப் பழகும் பிள்ளையின் மூளை, வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பகுதியை எழுத்துக்குக் கொடுக்கிறது. இடது பாதியில், காதுக்குப் பின்புறமாக, அடிப்பக்கத்தில் இருக்கும் சிறு பகுதி அது. பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணும் வேலை நடக்கும் வட்டாரம். பிரான்சின் நரம்பியல் அறிஞர் ஸ்ரனிஸ்லாஸ் டுஹானும் அவரது குழுவினரும் 2010இல் 63 பேரின் மூளையை ஆராய்ந்தார்கள். எழுத்தறியாதவர்கள், வளர்ந்தபின் எழுத்தறிந்தவர்கள், சிறுவயதிலேயே படித்தவர்கள் என்று மூன்று வகையினர். எழுத்தைக் கண்டதும் அந்தப் பகுதி விழித்துக்கொள்வது எழுத்தறிந்தவர்களிடம் மட்டுமே தெளிவாகத் தெரிந்தது. வளர்ந்தபின் படித்தவர்களிடமும் தெரிந்தது என்பது நல்ல செய்தி.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. பழைய வேலையோடு பழைய பழக்கமும் சேர்ந்தே வருகிறது.

ஒரு சின்னச் சோதனை. நந்திக்கொடியை எத்தனை தரம் பார்த்திருப்பீர்கள்? நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தெரு முழுக்க அதுதான். கண்ணை மூடிச் சொல்லுங்கள்: நந்தியின் முகம் எந்தப் பக்கம்? தடுமாறினால் வெட்கப்பட வேண்டாம். துணிக்கொடி காற்றில் திரும்பும்போது மறுபக்கத்தால் நந்தி எதிர்த்திசை பார்க்கிறது. அதை நாம் 'வேறு கொடி' என்று நினைத்ததே இல்லை. நினைக்கவிடாமல் செய்வது மூளைதான். இடப்பக்கம் பார்க்கும் மாடும் வலப்பக்கம் பார்க்கும் மாடும் ஒரே மாடு என்று அது முடிவு கட்டிவிடுகிறது.

காட்டில் இது உயிர் காக்கும் முடிவு. நேற்று இடப்பக்கமாகப் போன சிறுத்தையைப் பார்த்துத் தப்பிய குரங்கு, இன்று வலப்பக்கமாக வரும் சிறுத்தையைப் புதிதாகப் படித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஒரு பக்கத்தைப் பார்த்தாலே மறுபக்கத்தையும் சேர்த்துப் பழகிக்கொள்கிறது மூளை. 2000ஆம் ஆண்டில் குரங்குகளின் மூளையில் தனித்தனி நரம்புக்கலங்களை அளந்து பார்த்தார்கள். ஒரு வடிவத்துக்கும் அதன் ஆடி விம்பத்துக்கும் பல கலங்கள் ஏறத்தாழ ஒரேமாதிரிப் பதில் கொடுத்தன. தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டியபோது அந்த ஒற்றுமை குறைந்தது. அதாவது மேல்–கீழ் முக்கியம், இடம்–வலம் அப்படியில்லை. முதுகெலும்பே இல்லாத ஒக்டோபஸும் இடப்பக்கம் சரிந்த பட்டையையும் வலப்பக்கம் சரிந்த பட்டையையும் குழப்பிக்கொள்கிறது என்று 1957இலேயே காட்டியிருக்கிறார்கள். நமக்கும் அதற்கும் உறவு மிகத் தூரம். தேவை மட்டும் ஒன்று.

ஆக, மானிப்பாய்ப் பிள்ளை 'ந'வை ஒரு தரம் பார்த்தபோதே அவளது மூளை இரண்டு 'ந'க்களைச் சேமித்துவிட்டது. எழுதும்போது எது வெளியே வரும் என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். அவள் புதிதாக ஒன்றைக் கற்பதைவிட, பிறவித் திறமை ஒன்றை எழுத்துக்கு மட்டும் நிறுத்திவைக்கக் கற்கிறாள். 'எழுத்துக்கு மட்டும்' என்பதைக் கவனியுங்கள். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வளர்ந்த வாசகர்களின் அதே மூளைப்பகுதி எழுத்தைக் காட்டினால் இடம் வலம் பிரித்தது. படத்தைக் காட்டினால் பிரிக்கவில்லை.

3உம் 7உம் ஏன் விடாப்பிடியாகத் திரும்புகின்றன? பிரெஞ்சுப் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள் அழகான விடை ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆங்கில நெடுங்கணக்கின் பெரிய எழுத்துகளில் A, H, M போல இரு பக்கமும் ஒத்திருப்பவற்றை விட்டால், மீதியில் பெரும்பாலானவை வலப்பக்கம் முகம் காட்டுபவை. 'எல்லாம் வலப்பக்கம் பார்க்கும்' என்று பிள்ளை தானாகவே ஒரு விதி கண்டுபிடிக்கிறது. இடப்பக்கம் திறந்திருக்கும் 3, 7, 9 போன்றவற்றை அந்த விதிப்படி 'திருத்தி' எழுதுகிறது. 4, 5, 6 அவ்வளவாகத் திரும்புவதில்லை. நாம் பிழை என்று சிவப்பு மையால் கோடு போடும் இடத்தில் ஓர் இலக்கணம் இருக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தின் சிறிய 'பி'யும் (b) 'டி'யும் (d) ஒன்றுக்கொன்று ஆடி விம்பங்கள். கோட்டுக்கு எந்தப் பக்கம் வயிறு இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். தமிழின் 247 எழுத்துகளில் இப்படி ஒரு சோடியைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது. 'ந'வைத் திருப்பினால் திரும்பிய 'ந'தான் வரும், இன்னோர் எழுத்து வராது. 1848இல் வண்ணார்பண்ணையில் நாவலர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையில் ஒரு பிள்ளை 'க'வைத் திருப்பி எழுதியிருந்தால் வாத்தியார் சிரித்திருக்கலாம், குட்டியிருக்கலாம். ஆனால் என்ன எழுத்து என்று குழம்பியிருக்கமாட்டார்.

அப்படியானால் தமிழ் மட்டும் படித்தவரின் மூளைக்கு அந்தப் பழைய பழக்கத்தை விடவேண்டிய கட்டாயமே இல்லையே? இந்தக் கேள்வியை உண்மையிலேயே ஒருவர் சோதித்தார். அமெரிக்க மொழியியலாளர் எரிக் பீடர்சன் தமிழ்நாட்டில் செய்த வேலை அது. 1998இலும் 2003இலும் வெளியானது. ஒரு கோட்டுருவத்தையும் அதைவிடச் சிறிய ஒரு துண்டையும் காட்டி, 'இந்தத் துண்டு அதற்குள் இருக்கிறதா?' என்று கேட்பார்கள். சில துண்டுகள் திருப்பி வைக்கப்பட்டவை. எழுத்தறியாதவர்கள் திரும்பிய துண்டையும் 'இருக்கிறது' என்று ஏற்றுக்கொள்ளும் போக்குக் காட்டினார்கள். தமிழ் மட்டும் வாசிப்பவர்களும் அப்படியே! ஆங்கில எழுத்தும் தெரிந்தவர்கள்தான் 'இல்லை, இது திரும்பியிருக்கிறது' என்று மறுத்தார்கள். எழுத்தறிவு என்று பொதுவாகச் சொல்கிறோமே, எந்த எழுத்து என்பதும் மூளைக்கு முக்கியம்.

இதை வைத்துத் தமிழ் சுலபம் என்று யாரும் கொடி பிடிக்கவேண்டாம். நம் எழுத்து வேறு இடத்தில் வேலை வாங்குகிறது. ன, ண இரண்டுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் ஒரு சின்ன வளைவு. அதோடு கொம்பு செய்யும் குறும்பு வேறு: 'மே' என்று சொல்லும்போது முதலில் வருவது 'ம்', எழுதும்போது முதலில் வருவது 'ஏ'யின் குறி. 'மோ' என்றால் ஒரே உயிர் மெய்யின் இரண்டு பக்கமும் பிரிந்து உட்காருகிறது. இந்தியிலும் மெய்க்கு முன்னால் எழுதிப் பின்னால் ஒலிக்கும் ஒரு குறி உண்டு. அது வரும் சொற்களை வாசிக்கக் கூடுதல் நேரம் பிடிப்பதை 2002இல் அளந்து காட்டினார்கள். கன்னடப் பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துத் தொகுதி முழுவதும் பிடிபட நாலாம் வகுப்புவரைகூட ஆகிறது என்று கண்டார். நாமோ அரிவரி முடிந்த கையோடு சொல்வதெழுதலில் முழுப்புள்ளி எதிர்பார்க்கிறோம்.

வீட்டில் என்ன செய்யலாம்? கையால் எழுதவிடுங்கள், ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதவிடுங்கள். எழுத்தறியாத ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், தாங்களே கையால் எழுதிப் பழகிய எழுத்தைப் பார்த்தபோது வாசிப்புக்குரிய மூளைப்பகுதிகள் இயங்கின. தட்டச்சுச் செய்தோ கோட்டின்மேல் கோடு இழுத்தோ பழகிய எழுத்துக்கு அப்படி நடக்கவில்லை. கைக்கு இடம் வலம் தெரியும், ஏனென்றால் மறுபக்கம் எழுத அசைவே வேறு. விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுகிறோமே, நல்ல வழக்கம்தான். உடனே 'நம் முன்னோர் மூளை அறிவியல் அறிந்திருந்தார்கள்' என்று வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்காதீர்கள். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதினார்கள், ஏனென்றால் மணலுக்குக் காசில்லை. வல்லாரைச் சம்பலும் அப்படித்தான். சோற்றோடு அருமையாக இருக்கும், 'ந'வைத் திருப்பாது.

அப்புறம், நித்திரை. பிரேசிலில் 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று வாரம் எழுத்தையும் அதன் திரும்பிய வடிவத்தையும் கையாலும் வாயாலும் பிரித்தறியப் பழக்கினார்கள். பயிற்சி முடிந்ததும் பகலில் தூங்கவிட்ட பிள்ளைகளின் வாசிப்பு வேகம் இரட்டிப்பானது. 2021இல் வெளிவந்த முடிவு இது. இங்கே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பயம் தரம் 1 வரை இறங்கிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைச் சீருடையோடேயே ரியூசனுக்கு ஏற்றும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிரேசில் பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள். காசு கொடுத்து நித்திரையைக் கெடுக்கிறோம்.

எப்போது கவலைப்படவேண்டும்? திரும்பிய எழுத்தை மட்டும் வைத்து வாசிப்பு இடர்பாடு என்று பெயர் சூட்டக்கூடாது. 1925இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஓர்ட்டன் வாசிப்பு இடர்பாட்டின் மூலமே இந்தக் குழப்பம்தான் என்று நினைத்தார். பிந்திய ஆய்வுகள் பெரும்பாலான பிள்ளைகளில் சிக்கல் ஒலியைப் பிரித்து எழுத்தோடு இணைப்பதில் இருப்பதாகக் காட்டின. 'கல்' என்பதில் முதல் ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பது பிடிபடாமல், 8 வயதுக்குப் பிறகும் எழுத்துக்கூட்டத் திணறினால் தகுந்தவரிடம் காட்டுங்கள்.

தமிழ் வாசிக்கும் மூளையைப் பற்றி நான் இங்கே சொன்னவற்றில் பெரும்பகுதி பிரான்சிலும் பிரேசிலிலும் அமெரிக்காவிலும் கிடைத்தது. இது எனக்கு எரிச்சல். பீடர்சன் செய்த சோதனைக்கு மூளை ஸ்கான் தேவைப்படவில்லை, படங்கள்தான் தேவைப்பட்டன. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று எழுத்தை அடுத்தடுத்துச் சந்திக்கும் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் வகுப்பு வகுப்பாக இருக்கிறார்கள். வகுப்பறைக்கு ஒரு ஸ்மார்ட் போர்ட் வாங்கும் காசில் பத்தில் ஒரு பங்கைக் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயிலும் இளம் ஆசிரியர்களிடம் கொடுத்தால் ஒரு வருடத்தில் தரவு குவியும்.

ஒரு சோதனையை நானே சொல்கிறேன். தாளின் வலது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து பெயரை எழுதச் சொன்னால், இந்த வயதுப் பிள்ளைகளில் பலர் தயங்காமல் இடப்பக்கமாக ஆடி எழுத்தில் எழுதிவிடுவார்கள். 1985இலேயே வெளியான சங்கதி. அது ஆங்கிலம் எழுதும் பிள்ளைகள். 'மேகலா' என்று பெயருள்ள ஒரு பிள்ளை அந்தப் புள்ளியில் தொடங்கினால் என்ன செய்வாள்? கொம்பை முதலில் போட்டு அதற்கு இடப்பக்கம் 'ம' வைப்பாளா, இல்லை, ஒலிக்கும் ஒழுங்கில் 'ம'வை வைத்துவிட்டுக் கொம்புக்கு இடம் தேடுவாளா? தரம் 1 ரீச்சர்மார் யாராவது பார்த்து எழுதினால் அடுத்த கட்டுரைக்குப் பொருள் கிடைக்கும்.