வண்ணம் துடைத்த துணியைச் சுருட்டி வைக்காதீர்கள்

கிருஷ்ணகிரியில் எண்ணெய் வண்ண ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவனின் அம்மா பதறிப்போய்ப் போன் செய்தார். கட்டிலுக்கு அடியில், வண்ணம் துடைத்த துணியைச் சுருட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து புகை. “அடுப்பே பத்தவைக்கலைங்க சார், கொசுவத்திகூட இல்லை.” நல்லவேளை, பை உருகியதோடு போனது. இந்த வெயில்காலத்தில் இது மூன்றாவது.

பழைய கட்டடம் வரைகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ராயக்கோட்டைப் பக்கம் காரை உதிர்ந்த ஒரு சுவர் என்று வையுங்கள். அந்த மங்கலை வரவைப்பதே துணிதான். அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தால் வரும் சாம்பலை மெல்லிசாகத் தடவி, துடைத்து, மேலே கொஞ்சம் ஆக்கர் மஞ்சள், மறுபடி துடைத்து... ஒரு படம் முடிவதற்குள் பழைய வேட்டி ஒன்று காலி.

எல்லோரும் வண்ணத்தை இளக்குகிற டர்பென்டைனுக்குத்தான் பயப்படுகிறார்கள். சரி, அதை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஆனால் வண்ணத்தைக் குழைத்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் என்றால், “சாப்பிடுற எண்ணெய்தானே சார்?” என்கிறார்கள். சட்டையில் பட்ட தேங்காய் எண்ணெய் என்றைக்காவது காய்ந்து தோலாகியிருக்கிறதா? ஆளிவிதை எண்ணெய் ஆகும். அது ஈரத்துணிபோல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது, இறுகும்போதே சூடாகிறது. கேன்வாஸில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். கசக்கிய துணிக்குள் போக வழி ஏது? ஈரத்தோடு போர் போட்ட வைக்கோலுக்குள் கைவிட்டுப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தீப்பொறியே வேண்டாம், சில மணி நேரம் போதும். பழைய சுவருக்கு நாம் அள்ளிப் போடும் அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தில் மாங்கனீசு வேறு இருக்கிறது, எண்ணெயை இன்னும் சீக்கிரம் காயவைக்கும்.

1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்து 3 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தீ தொடங்கியது 22ஆவது மாடியில், ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிக்குவியலில்.

துணியை ஒவ்வொன்றாக விரித்து, வீட்டுக்கு வெளியே, கொடியிலோ கல்மேலோ (நம்மூரில் கல்லுக்கா பஞ்சம்) விறைக்கும்வரை காயவிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று படக் கூடாது. மழையா? மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி முழுசாக அமுக்கிவிடுங்கள். ஸ்கூட்டர் டிக்கியில் திணிக்காதே தம்பி, உன்னைத்தான் சொல்கிறேன். பெற்றோர்களே, பிள்ளை படத்தைக் கொண்டுவந்து காட்டும்போது பாராட்டுங்கள். அப்புறம் துணி எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.