லொறியின் இடப்பக்கத்தில் நிற்காதீர்கள்

வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரையான ஏ9 வீதியில் லொறியோ டிப்பரோ ஒரு காரோடு மோதிவிட்டால், மறுநாள் கடைத்தெருவில் எழும் பேச்சு பெரும்பாலும் வேகத்தையும் சாரதியின் நித்திரையையும் பற்றியதாகவே இருக்கும். இரண்டும் உண்மையான காரணங்கள்தாம். ஆயினும், வன்னியில் கனரக வாகனமும் இலகுரக வாகனமும் ஓட்டப் பழக்குகின்ற ஒருவன் என்ற முறையில், அவ்வளவாகப் பேசப்படாத மூன்றாவது காரணம் ஒன்றை எழுத விரும்புகிறேன். லொறிச் சாரதி அந்தக் காரைக் காணவே இல்லை என்பதுதான் அது. “நான் காணவில்லை” என்று அவர் சொல்வதைத் தப்பித்துக்கொள்ளச் சொல்லும் பொய் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். பல வேளைகளில் அது முழு உண்மையாக இருக்கிறது.

ஏன் காணவில்லை என்பது லொறியின் ஆசனத்தில் ஏறி அமர்ந்தால்தான் விளங்கும். எமது நாட்டில் சாரதி வலப்பக்கத்தில் இருக்கிறார். பெரிய டிப்பரில் அவருடைய கண்மட்டம் தரையிலிருந்து இரண்டு மீற்றருக்கும் மேலே இருக்கும். அல்டோ போன்ற சிறிய காரின் கூரையோ ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரந்தான். ஆகவே இடக்கதவை ஒட்டி நிற்கும் காரைப் பார்க்க அவர் தலையைத் திருப்பினாலும், கதவின் கீழ்ப்பாதியும் பக்கத்து ஆசனமும் பார்வையை மறித்துவிடுகின்றன. முன்பக்கத்தில், பம்பரை ஒட்டினாற்போல் நிற்கும் மோட்டார் சைக்கிளும் சிறுபிள்ளையும் கண்ணாடிக்குக் கீழே மறைந்துபோவார்கள். பின்னால் பெட்டி மறைப்பதால், நேர் பின்னே ஒட்டி வரும் கார் இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் விழாது. வலப்பக்கத்தில் மறைவு குறைவு. கதவுக்குச் சற்றுப் பின்னே ஒரு குறுகிய பட்டை மட்டுமே. இடப்பக்கத்தில்தான் அது கதவிலிருந்து பின்னோக்கியும் வெளியே சரிந்தும் ஒரு கார் முழுவதும் அடங்கிவிடும் அளவுக்கு விரிந்து கிடக்கிறது. கண்ணாடியில் விழும் காரும் சரியான தூரத்தில் தெரிவதில்லை. இடப்பக்கக் கண்ணாடி பொதுவாகக் குவிவாடி. அது பரந்த இடத்தைக் காட்டும், ஆனால் பொருள்களைச் சிறிதாக்கித் தூரத்தில் இருப்பவைபோலக் காட்டும்.

கார் பழக வருபவர்களை மைதானத்தில் நிறுத்திய லொறியின் சாரதி ஆசனத்தில் இருத்தி, இன்னொருவரைக் கொண்டு ஒரு காரைப் பின்னாலிருந்து இடப்பக்கமாக மெதுவாகக் கொண்டுவரச் செய்வது என் வழக்கம். கார் கண்ணாடியில் தோன்றும், நெருங்கி வரும், பிறகு திடீரென்று இல்லாமற்போகும். எங்கே போனது என்று கேட்பார்கள். இறங்கிப் போய்ப் பார்த்தால், கார் இடக்கதவின் கீழே நின்றுகொண்டிருக்கும். ஒரு மணிநேரம் வகுப்பெடுத்தாலும் மனதில் ஏறாத விடயம் இந்தச் சில நிமிடங்களில் ஏறிவிடுகிறது. எனவே அனுமதிப்பத்திரம் எடுத்து நெடுங்காலம் ஆனவர்களும் தெரிந்த லொறிச் சாரதி ஒருவரிடம் கேட்டு ஒருமுறை அந்த ஆசனத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இந்த மறைவு மிகவும் கொடியதாவது லொறி இடப்பக்கம் திரும்பும்போதுதான். யாழ்ப்பாணப் பக்கமிருந்து வரும் லொறி, பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குள் நுழைவதானாலும் மாங்குளம் சந்தியில் ஒட்டுசுட்டான் பக்கம் போவதானாலும் இடப்பக்கமே திரும்ப வேண்டும். நீண்ட வாகனத்தின் பின்சில்லுகள் முன்சில்லுகள் போன தடத்தில் போவதில்லை. உட்புறமாக அறுத்துக்கொண்டே வரும். சந்தியின் மூலையில் அவை ஏறிவிடாமல் இருப்பதற்காகச் சாரதி முதலில் வலப்பக்கம் நன்றாக ஒதுங்கிப் பிறகே இடப்பக்கம் வெட்டுவார். பின்னால் வரும் கார்க்காரருக்கு, லொறி வலப்பக்கம் திரும்பப் போவதாகவோ தனக்கு வழிவிடுவதாகவோ தோன்றும். இடப்பக்கத்தில் திறந்த இடத்துக்குள் அவர் காரை விடுகிறார், லொறி வளைகிறது, காருக்கும் வீதியோரத்துக்கும் இடையில் இருந்த வெளி மறைந்துபோகிறது. மிக மெதுவான வேகத்திலும் இது உயிரைப் பறிக்கும். சந்தியை நெருங்கும் லொறியின் பின்னே பொறுத்து நின்று, அது முழுதாகத் திரும்பி முடித்த பிறகு நகர்வதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது. பொதுவாகக் கைக்கொள்ளக்கூடிய சோதனை ஒன்று உண்டு: லொறியின் பக்கக் கண்ணாடியில் சாரதியின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், அவரால் உங்களைக் காண முடியாது. முகம் தெரிந்துவிட்டால் எல்லாம் சரியென்றும் எண்ணக்கூடாது, ஏனெனில் அந்தக் கணத்தில் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

முறிகண்டியைத் தனியாகக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சானும் வாங்கிக்கொண்டு போகும் வழக்கம் இவ்வீதியில் செல்லும் எல்லோருக்கும் உரியது. அதனால் அங்கே வாகனங்கள் ஓயாமல் ஒதுங்குவதும் மீண்டும் வீதிக்கு ஏறுவதுமாக இருக்கும். கோயில் வருவதற்குச் சற்று முன் லொறியை முந்தி, உடனே அதன் முன்னால் வெட்டி நுழைந்து பிரேக் போடும் கார்களை அடிக்கடி காண்கிறேன். பெரிய லொறியின் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குவது. மிதியை அழுத்தியதற்கும் சில்லு பிடிப்பதற்கும் இடையில் ஏறத்தாழ அரை விநாடி கழியும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அந்த அரை விநாடிக்குள் லொறி 8 மீற்றருக்கு மேல் ஓடிவிடுகிறது. சாரதி சுதாரித்துக்கொள்ளும் நேரமும் பாரம் இழுக்கும் தூரமும் இதற்கு மேலதிகம். முந்திய லொறி முழுவதும் உங்கள் நடுக்கண்ணாடியில் தெரிந்த பிறகே இடப்பக்கம் வர வேண்டும். சில நூறு மீற்றரில் நிறுத்தப் போகிறவருக்கு முந்த வேண்டிய தேவையே இல்லை.

மோதல் நேர்ந்துவிட்டால் என்ன நடக்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு கியூப் மணல் என்பது 100 கனவடி. காய்ந்த மணலே ஏறத்தாழ நாலரைத் தொன் நிறையிருக்கும், ஈரமானால் அதற்கும் கூட. நான்கு கியூப் ஏற்றிய பத்துச் சில்லு டிப்பர் 25 தொன்னைத் தாண்டிவிடும். ஆட்களோடு சேர்த்து ஒரு தொன் வரும் காரும் 25 தொன் டிப்பரும் ஒவ்வொன்றும் மணிக்கு 60 கிலோமீற்றரில் நேருக்கு நேர் மோதி ஒன்றாக இழுபட்டால், டிப்பரின் வேகம் 5 கிலோமீற்றருக்கும் குறைவாகவே மாறும். காரின் வேகமோ ஒரே கணத்தில் 115 கிலோமீற்றர் அளவுக்கு மாறும். காருக்குள் இருப்பவர்களின் உடல் தாங்க வேண்டியது அந்த மாற்றத்தைத்தான்.

பின்புறமாக மோதும்போது இன்னொரு கேடு சேர்கிறது. லொறியின் தளம் காரின் பொனற்றுக்கு மேலே இருப்பதால், மோதலை வாங்குவதற்கென்று அமைக்கப்பட்ட காரின் முன்பகுதி எதிலும் படாமல் கீழே நுழைந்துவிடும். தளத்தின் விளிம்பு நேரே முகக்கண்ணாடியில் வந்து அடிக்கும். அமெரிக்க நடிகை ஜெயின் மான்ஸ்பீல்ட் 1967இல் இறந்ததும் கார் இப்படி லொறியின் பின்புறத்துக்குக் கீழே நுழைந்ததால்தான். இதைத் தடுப்பதற்காக லொறியின் பின்னால் பூட்டும் தாழ்ந்த கம்பி அங்கே இன்றும் அவருடைய பெயரால் அழைக்கப்படுகிறது. எங்கள் வீதிகளில் அந்தக் கம்பி இல்லாமலோ, பெயருக்கு வளைந்து தொங்கியபடியோ ஓடும் லொறிகளைப் பார்க்கிறேன். விளக்கில்லாமல் வீதியோரத்தில் தரித்து நிற்கும் லொறிதான் இதில் மிகப் பயங்கரமானது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து உறவினரை ஏற்றிக்கொண்டு இரவிரவாக ஓடிவரும் வாகனம் விடியப்புறம் ஓமந்தையையும் புளியங்குளத்தையும் தாண்டும்போது, சாரதியின் கண் மிகவும் களைத்திருக்கும்.

ஓடுகின்ற லொறிக்குப் பின்னால் ஒட்டிச் செல்வதும் இதே முடிவைத் தரக்கூடியது. மாரியிலே மாடுகள் இரவில் தார்வீதியில் வந்து படுக்கும். அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பாதியில் நெல் காயும். உயரத்தில் இருக்கும் லொறிச் சாரதி இவற்றைக் கண்டு பிரேக் போடுவார், பின்னால் வரும் கார்க்காரருக்கோ லொறியின் பின்கதவைத் தவிர எதுவும் தெரியாது. உட்கிராமங்களின் கிரவல் வீதிகளில் கோடையில் புழுதி எழும்பினால், லொறியின் கண்ணாடியில் தெரிவதும் புழுதி மட்டுந்தான்.

கனடாவிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் விடுமுறைக்கு வந்து இங்கே கார் ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அங்கே சாரதி இடப்பக்கத்தில் இருப்பதால் லொறியின் பெரிய மறைவு வலப்பக்கத்தில் உள்ளது. அங்கு பழகிய எச்சரிக்கையை இங்கே அப்படியே பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பொறுப்பு முழுவதையும் கார்க்காரரின் தலையில் போடுவது நியாயமல்ல. முன்பு லொறியில் கிளீனர் ஒருவர் இடக்கதவோரம் இருந்து, திரும்பும்போதும் பின்னெடுக்கும்போதும் குரல் கொடுப்பார். சாரதிக்குத் தெரியாத பக்கத்தை அவர் பார்த்துக்கொண்டார். இப்போது டிப்பர்கள் பல தனியாளாக ஓடுகின்றன. லோட் கணக்கில் கூலி கொடுக்கப்படுவதால் இறங்கிச் சுற்றிப் பார்க்கவும் சாரதிக்குப் பொறுமை இருப்பதில்லை. இலண்டன் மாநகரில் 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகள், ஆசனத்திலிருந்து வெளியே எவ்வளவு தெரிகிறது என்பதற்கு நட்சத்திரம் இடப்பட்டு, அனுமதி பெற்றே ஓட முடியும். 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அந்த விதி 2024 ஒக்டோபரில் மேலும் இறுக்கப்பட்டது. இங்கே அப்படியொரு விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இடக்கதவின் மேலே கீழ்நோக்கிப் பார்க்கும் சிறிய குவிவாடியும், முன்பக்கத்தைக் காட்டும் இன்னொன்றும், பின்னும் பக்கங்களிலும் ஒளிதெறிக்கும் பட்டியும் பூட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு ரயரின் விலையில் சிறு பங்குதான். அவற்றைப் பூட்டும் நாளிலேயே, முகக்கண்ணாடியின் பாதியை மறைத்துத் தொங்கும் அலங்காரங்களையும் உரிமையாளர்கள் கழற்றிவிட வேண்டும்.