சஸ்பென்ஷன் என்பது இடைநீக்கமும் இல்லை, தொங்கலும் இல்லை

சேலத்தில் ஒரு வண்டிச் சாமான் கடை கொடுத்த தமிழ்த் துண்டறிக்கையில் '2 அங்குல இடைநீக்க உயர்த்தி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. விற்பது சஸ்பென்ஷன் லிஃப்ட் கிட். சஸ்பென்ஷன் என்பது சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே குலுக்கலை அடக்கும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் (சுருக்கமாக ஷாக்) அமைப்பு. தார், ஜிம்னி, பொலேரோ மாதிரி வண்டிகளின் உயரத்தைக் கொஞ்சம் கூட்ட, நீளமான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக்கும் சேர்ந்து வரும் பெட்டி அது. ஒரு கடையின் பிழை என்றால் விட்டுவிடலாம். வண்டி விமர்சனம், காணொளித் தலைப்பு, விளம்பரம் என்று எங்கே திரும்பினாலும் 'முன்பக்க இடைநீக்கம் மென்மையாக உள்ளது' என்றே எழுதுகிறார்கள். ஓர் இடத்தில் சஸ்பென்ஷன் லிஃப்ட் 'இடைநீக்க ரத்து' ஆகியிருந்தது.

இடைநீக்கம் என்பது பணியிடை நீக்கம். விசாரணை முடியும்வரை ஓர் அலுவலரை வேலையிலிருந்து விலக்கி வைப்பது. அந்தப் பொருளுக்கு அது பொருத்தமான சொல். வண்டியில் எதை நீக்குகிறார்கள்? இயந்திரம் மொழிபெயர்த்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் தெரிந்த ஒருவர் அதைப் படித்துத்தான் இருக்க வேண்டும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூலம் லத்தீன், பொருள், தொங்கவிடுதல். ஐரோப்பாவின் பழைய குதிரை வண்டிகளில் கூண்டை அச்சின்மேல் உட்கார வைக்காமல், மூலைக் கம்பங்களிலிருந்து தோல் வாரில் தொங்கவிட்டார்கள். பிறகு எஃகு வில் வந்தது, வார் போனது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இந்த வரலாறு தெரிந்தவர்கள் 'தொங்கல்', 'தொங்கமைப்பு' என்று எழுதுகிறார்கள். இடைநீக்கத்தைவிட நூறு மடங்கு மேல். எழுதுகிறவர்களும் தமிழ்மேல் பற்றுள்ளவர்கள். அதனால்தான் இதை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு பொருள் உண்மையிலேயே தொங்கினால் தொங்கல் என்பதே சரி. தொங்கு பாலம் வடத்தில் தொங்குகிறது. பள்ளி வேதியியலில் கரையாத துகள் நீரில் மிதந்து நிற்பதைத் தொங்கல் என்கிறோம்; அதுவும் சரி. ஆனால் இன்றைய வண்டியின் பாடி எதிலும் தொங்கவில்லை, ஸ்பிரிங்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர்ச் சாலையில் ஓடாத ஒரு தோல்வார் வண்டியின் நினைவை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இதைவிட முக்கியமான காரணம் பட்டறையில் இருக்கிறது. அங்கே தொங்கல் என்பதற்கு ஏற்கெனவே வேலை உண்டு. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்து மண்பாதையில் மழை அரித்த ஓடை குறுக்கே வந்தால், ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தை நோக்கி இறங்கும். ஷாக் எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீண்டபின், அதற்குமேல் இறங்க முடியாமல் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். 'சக்கரம் தொங்குது' என்பார்கள். தரையைத் தொடாத சக்கரத்தால் வண்டியை இழுக்க முடியாது. மலிவாக முடிக்க நினைத்து, பழைய ஸ்பிரிங்கின்மேல் வட்டத் துண்டு மட்டும் வைத்து உயர்த்தி, பழைய ஷாக்கையே விட்டுவைத்தால் இந்தத் தொல்லை சீக்கிரம் வரும். உயர்த்திய அளவுக்கு ஷாக் முன்கூட்டியே நீண்டு நிற்பதால், சக்கரம் கீழே இறங்க மிச்சம் குறைவு. இந்த நிலைக்குத் தொங்கல் என்று அழகான சொல் இருக்கும்போது, முழு அமைப்புக்கும் அதே பெயரை வைத்தால் 'தொங்கலில் தொங்கல் குறைவு' என்று எழுத நேரும். படிக்கிறவருக்கு என்ன புரியும்?

ஆங்கிலத்தைப் பார்த்து ஆக்கிய எல்லாச் சொல்லுக்கும் நான் எதிரியில்லை. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதுவும் ஆங்கில வழியில் வந்த பெயர்தான். ஆனால் நம் வீட்டில் இருக்கும் பொருளின் பெயர். வளைவைப் பார்த்தவுடன் ஊசி கண்ணில் தெரிகிறது. அதனால் பஸ் கண்டக்டர் முதல் பள்ளிப் பிள்ளை வரை சொல்கிறார்கள். தொங்கமைப்பில் அப்படி எதுவும் தெரியவில்லை.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா? மாட்டு வண்டிக் காலத்திலேயே இருந்தது: வில்வண்டி. கட்டை வண்டியில் பாரம் போகும். வில்வண்டியில் பெண்டு பிள்ளைகள் போவார்கள். அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வில்போல வளைந்த எஃகுப் பட்டைகள் இருந்ததால் அந்தப் பெயர். அதே பட்டை சங்ககிரி லாரிகளில் இன்றும் இருக்கிறது. 'பட்டை உடைஞ்சிருச்சு' என்றால் எந்தப் பட்டறையிலும் வேறு விளக்கம் கேட்க மாட்டார்கள். சுருள்வில் என்று பள்ளி இயற்பியலும் சொல்லிவிட்டது. ஆகவே சஸ்பென்ஷன் என்பது வில்லமைப்பு. பஸ்ஸில் காற்றுப் பை இருக்கிறதே என்று கேட்பார்கள். அது காற்று வில். அமுங்கித் திரும்ப எழுவது எதுவானாலும் வில்தான்.

'அதிர்வுதாங்கி அமைப்பு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது ஷாக்குக்கு மட்டும் வைத்த பெயர், அதற்கும் முழுக்கப் பொருந்தாது. அதிர்வை வாங்கிக்கொள்வது வில். வில் திரும்பத் திரும்ப எம்பாமல் அடக்குவது ஷாக். 'தணிப்பான்' என்பதே அதன் வேலையைச் சொல்கிறது. பெயர் குழம்புவதால் பணமும் வீணாகிறது. பின்பக்கம் படுத்துவிட்ட வண்டிக்குப் புது ஷாக் மட்டும் வாங்கிப் போட்டு, உயரம் வரவில்லையே என்று கேட்கிறார்கள். உயரத்தைத் தாங்குவது வில் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

அடுத்து லிஃப்ட். உயர்த்தி என்றால் மாடிக்குப் போகும் பெட்டி. உயர்த்தல் பிழையில்லை, ஆனால் பேச்சிலேயே அதைவிடக் கச்சிதமான சொல் கிடக்கிறது. குழம்பில் உப்பு அளவைத் தாண்டிக் கொஞ்சம் கூடினால் தூக்கல் என்கிறோம். குடும்ப வண்டிக்கு வேண்டியதும் அவ்வளவுதான். 'அண்ணே, ரெண்டு இஞ்ச் தூக்கினா போதும், அதுக்கு மேல வேண்டாம்' என்று கொண்டலாம்பட்டி மெக்கானிக் ஒருவர் சொன்னதில் வினை ஏற்கெனவே இருக்கிறது. வில் தூக்கல் என்று பிரித்தே எழுதுங்கள். புணர்ச்சி விதிப்படி விற்றூக்கல் என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். இலக்கணம் தெரிந்தவர்கள் இதில் என்னோடு சண்டைக்கு வரலாம். தெளிவுக்காக நான் பிரித்து எழுதும் பக்கம்தான் நிற்பேன்.

பெயர் சரியாக இருந்தால் வேலையும் விளங்கும். வில் தூக்கினால் உயர்வது வில்லுக்கு மேலே இருப்பது. ஜிம்னியில் முன்னும் பின்னும் இரு சக்கரத்தையும் இணைக்கும் முழு அச்சு, அது வில்லுக்குக் கீழே இருக்கிறது. வில்லை 50 மி.மீ. தூக்கினாலும் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் (இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது. அதை உயர்த்த டயரைத்தான் பெரிதாக்க வேண்டும். டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு 1 அங்குலம் ஏறும். தூக்கலால் கிடைப்பது வேறு: மேட்டில் ஏறும்போது முன்பம்பர் இடிக்காது, மேட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாது. இதற்கு 40 முதல் 50 மி.மீ. தாராளம். அதற்கு மேல் போனால் முன் அச்சின் சாய்வு மாறி ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலையும். இன்ஜின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் கார்டன் தண்டின் கோணம் கூடி அதிரும். கொண்டை ஊசி வளைவில் பின்சீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். மூட்டு வலியுள்ள பாட்டி 'ஏற முடியல கண்ணு' என்று நிற்பதையும் கணக்கில் வையுங்கள். 2 அங்குலத்துக்கே முகப்பு விளக்கைக் கீழே இறக்கிச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் எதிரே மலை இறங்கி வருபவரின் கண்ணில் அடிக்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. வேலைக்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டுக்காரரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

துண்டறிக்கையின் பின்பக்கத்தில் இந்த விவரம் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக 'உடல் தூக்குதல்' என்று இன்னொரு பண்டம். பாடி லிஃப்டைத்தான் சொல்கிறார்கள். சேசிஸ் என்னும் அடிச்சட்டத்துக்கும் பாடிக்கும் இடையே கட்டை வைத்து உயர்த்துவது அது. வில்லைத் தொடுவதே இல்லை. திருச்செங்கோட்டில் எத்தனை பட்டறையில் லாரிக்கு 'பாடி கட்டுகிறார்கள்'! அந்தச் சொல் நம் தொழிலாளர் வாயில் தமிழாகவே ஆகிவிட்டது. பாடி தூக்கல் என்று போட்டால் போதும்.