ஏசி கேஸ் தீராது, கசியும்

சித்திரை பிறந்துவிட்டால் எங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் இருக்கும்: "ஏசி கூலிங்கே இல்ல. கேஸ் தீர்ந்துபோச்சு போல, வந்து ஏத்திக் குடுத்துட்டுப் போங்க." நான் சென்னையில் ஏசி, ஃப்ரிட்ஜ் சர்வீஸ் செய்பவன். ஏசி கேஸ் என்ன சமையல் சிலிண்டரா, எரிந்து தீர்ந்துபோக? மூடிய செம்புக் குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. அறையின் வெப்பத்தை வாங்கி வெளியே கொண்டுபோய் விடுகிறது. அளவு குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் ஏற்றினால், அடுத்த கோடைக்குள் அதுவும் காற்றோடு போய்விடும்.

காசு போவது ஒருபக்கம். வீட்டுச் சாதனங்களின் கார்பன் தடம் (அவற்றால் காற்றில் சேரும், பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் கணக்கு) என்றதும் எல்லோரும் கரண்ட் பில்லைப் பார்க்கிறார்கள். இந்தக் கசிவு எந்தப் பில்லிலும் வராது. பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 கேஸ் 1 கிலோ வெளியேறினால், நூறு ஆண்டுக் கணக்கில் அது சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். போதாததற்கு ஓசோனையும் அரிக்கும். அடுத்து வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் வெப்பக் கணக்கில் இன்னும் மோசம்: சுமார் 2,090. இப்போது பரவலாக வரும் ஆர்-32, 675. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொண்டால், 1 கிலோ ஆர்-22 கசிவது 2,500 யூனிட் எரித்ததற்கு நிகர். ஐந்து நட்சத்திர ஒன்றரை டன் ஏசியின் ஸ்டிக்கரில் 1,600 மணி நேரத்துக்கு 750, 800 யூனிட் என்றுதான் போட்டிருக்கும். ஒரு கசிவில் மூன்று வருட மின்சாரக் கணக்கு போய்விடுகிறது.

சென்னையில், அதுவும் திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடலோரப் பகுதிகளில், உப்புக் காற்று அவுட்டோர் காயிலை அரித்துவிடும். மற்ற இடங்களில் இன்டோரும் குழாயும் சேரும் ஃப்ளேர் நட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். கேஸோடு சேர்ந்து ஆயிலும் கசியும் என்பதால் அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருக்கும். முறையாகச் செய்வதென்றால் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, ஓட்டையை அடைத்து, வேக்குவம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகே கேஸ். அதையும் எடை மெஷினில் வைத்து, ஸ்டிக்கரில் எழுதியுள்ள கிராம் அளவுக்கு ஏற்ற வேண்டும். இதற்கு அரை நாள் ஆகும். கேஜ் (அழுத்தம் காட்டும் மீட்டர்) மாட்டி, குழாயைத் தொட்டுப் பார்த்து, "ஜில்லுனு இருக்கு சார்" என்று கிளம்ப அரை மணி நேரம் போதும். வாடிக்கையாளர் கேட்பது பெரும்பாலும் இரண்டாவது வேலையைத்தான். குறைந்த கூலிக்கு அதுதான் கிடைக்கும்.

இன்னொன்று, குழாயில் ஐஸ் கட்டியிருந்தாலே கேஸ் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஃபில்டரும் இன்டோர் காயிலும் அழுக்கேறி, காற்றோட்டம் குறைந்தாலும் ஐஸ் கட்டும். முதலில் ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள்.

பெரிய கசிவு நடப்பது வீடு மாறும்போது. லாரி வாசலில் நிற்கிறது என்று அவசரப்பட்டு நட்டைக் கழற்றுவார்கள், 'புஸ்'ஸென்று மொத்தக் கேஸும் போய்விடும். ஸ்ப்ளிட் ஏசி ஓடும் நிலையில் இருந்தால் இதைத் தவிர்க்கலாம். கூலிங்கில் ஓடவிட்டு, அவுட்டோரில் உள்ள மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் மூடினால், சில நிமிடங்களில் கேஸ் முழுக்க அவுட்டோருக்குள் வந்துவிடும். பிறகு தடித்த குழாயின் வால்வையும் மூடிவிட்டு உடனே நிறுத்த வேண்டும். இதற்கு பம்ப் டவுன் என்று பெயர். ஆர்-32 தீப்பற்றக்கூடியது, அதனால் தெரிந்தவர் கையால் மட்டுமே செய்ய வேண்டும். கழற்ற வருபவரிடம் "பம்ப் டவுன் பண்ணுவீங்களா?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பீர்கள்: 24 டிகிரியில் வைப்பது, 75 வாட் மின்விசிறிக்குப் பதில் 30 வாட் சொச்சம் எடுக்கும் பிஎல்டிசி மோட்டார் விசிறி மாட்டுவது. எல்லாம் சரிதான், செய்யுங்கள். கூடவே, புது ஃப்ரிட்ஜ் வாங்கிய பிறகும் தண்ணீர் பாட்டிலுக்கென்று மாடியில் ஓடிக்கொண்டிருக்கும் பழையதை நிறுத்துங்கள். ஆனால் அதை எடைக்குப் போட்டால் குழாயை அறுத்து உள்ளிருக்கும் ஆர்-134ஏ கேஸைக் காற்றில் விட்டுவிடுவார்கள். அதில் 1 கிலோ சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பதிவுபெற்ற மின்கழிவு நிறுவனத்திடமோ, எக்ஸ்சேஞ்சில் எடுக்கும் கம்பெனியிடமோ கொடுப்பது நல்லது. கையில் கிடைக்கும் தொகை கொஞ்சம் குறையலாம்.