ஃபோபொஸ்: அஞ்சுதல் வேறு, கோழைமை வேறு

கலிலேயாக் கடலில் புயல். படகுக்குள் தண்ணீர் நிறைகிறது. பின்பக்கத்தில் தலையணை வைத்து உறங்கும் இயேசுவைச் சீடர்கள் எழுப்புகிறார்கள். அவர் காற்றை அதட்டுகிறார், கடல் அடங்குகிறது. பிறகு, "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்?" என்று கேட்கிறார். அடுத்த வசனமே, "அவர்கள் மிகவும் பயந்து" என்று தொடங்குகிறது (மாற்கு 4:40-41). பழைய தமிழ் வேதாகமத்தில் இதைப் படிப்பவருக்கு, கண்டிக்கப்பட்ட பிறகும் சீடர்கள் அதே தவற்றைச் செய்ததாகவே தோன்றும்.

மூலமொழியான கிரேக்கத்தில் இவை இரண்டு சொற்கள். இயேசு கேட்பதில் உள்ளது 'டெய்லொஸ்', அதாவது கோழை. அடுத்து வருவதுதான் 'ஃபோபொஸ்'. மூலத்தின் நடையை அப்படியே சொன்னால், 'பேரச்சம் அஞ்சினார்கள்'. புயல் ஓய்ந்த பிறகு, காற்றும் கடலும் கீழ்ப்படியும் ஒருவர் தங்கள் படகிலேயே இருப்பதைக் கண்டு வந்த அச்சம் அது. இந்த வேறுபாட்டை நம் 'பயம்' விழுங்கிவிட்டது.

ஃபோபொஸ் பிறந்த இடம் போர்க்களம். ஹோமரின் இலியட்டில் அது படை சிதறி ஓடுவதைக் குறிக்கிறது. 'ஓடு' என்னும் பொருளுள்ள 'ஃபெபொமாய்' என்ற வினையோடு உறவுடையது. போர்க்கடவுள் ஏரிஸின் மகனுக்கும் இதே பெயர். 1877-இல் கண்டுபிடிக்கப்பட்ட செவ்வாயின் துணைக்கோள் ஒன்றுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். ஒலி சற்று ஒத்திருந்தாலும் 'பயம்' இதற்கு உறவல்ல. அது சமஸ்கிருத 'பய' வழி வந்தது. அதன் வேர் வேறு. சங்கத் தமிழில் 'பயம்' என்றால் பயன்.

எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அச்சத்தைக் குறிக்கும் 'யிர்ஆ' என்ற சொல்லுக்கு ஃபோபொஸை எடுத்துக்கொண்டபோதுதான் அதன் தன்மை மாறியது. ஓட்டத்தைச் சொன்ன சொல், கடவுள் முன் நிற்பவனின் மனநிலையைச் சொல்லத் தொடங்கியது. 'கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்' என்ற நீதிமொழிகள் வரியில் கிரேக்கம் இடும் சொல் இதுவே. செசரியாவில் இருந்த ரோம நூற்றுவர் தலைவன் கொர்நேலியு 'தேவனுக்குப் பயந்தவன்' என்று பாராட்டப்படுவதும் இதன் வினையால்தான்.

ஆனால் இதை 'பக்தி' என்று மென்மையாக்கிவிடவும் கூடாது. "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" (1 யோவான் 4:18) என்ற இடத்திலும் ஃபோபொஸ்தான். அங்கே அது தண்டனையை எண்ணி நடுங்குவது. மனைவி கணவனிடம் நடந்துகொள்ள வேண்டியதைச் சொல்லும் எபேசியர் 5:33-இல் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இட்ட 'பயபக்தி' நல்ல விளக்கம், நேர்ச்சொல் அன்று.

நேர்ச்சொல் நம்மிடம் இருக்கிறது: அச்சம். உடலில் வெளிப்படும் உணர்வுகளான எட்டு மெய்ப்பாடுகளுள் அதை வைத்த தொல்காப்பியர், "அணங்கே விலங்கே கள்வர்தம் இறை" என நான்கு காரணங்கள் சொல்கிறார். விலங்கையும் கள்வரையும் கண்டு நடுங்குவதும், தெய்வத்தின் முன்னும் அரசன் முன்னும் ஒடுங்குவதும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஃபோபொஸின் பரப்பும் இதுதான். வள்ளுவரும் "அஞ்சுவது அஞ்சாமை பேதைமை" என்பதை அறிவுடைமை அதிகாரத்தில்தான் வைத்தார் (428). நீதிமொழிகளின் வாசகர் அதைப் படித்தால் பழகிய வீட்டுக்குள் நுழைந்ததுபோல் உணர்வார்.

டெய்லொஸின் பண்புப்பெயரான 'டெய்லியா'வுக்குக் கோழைமை என்றே சொல்ல வேண்டும். 2 தீமோத்தேயு 1:7-இல் பழைய பெயர்ப்பு "பயமுள்ள ஆவி" என்கிறது. பிற்காலத் தமிழ்ப் பெயர்ப்பான திருவிவிலியம் "கோழை உள்ளம்" என்கிறது. பின்னதுதான் சரி. வெளிப்படுத்தல் 21:8-இல் அக்கினிக்கடலுக்குரியவர்களின் வரிசையில் முதலில் வரும் "பயப்படுகிறவர்கள்" கடவுளுக்கு அஞ்சுகிறவர்கள் அல்லர், கோழைகள். இந்த இடத்தில் மயங்கிய எத்தனை பேர் தங்கள்மேலேயே ஐயம் கொண்டிருப்பார்கள்!

மாற்கு நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் ஃபோபொஸ் தன் பழைய வீட்டருகே திரும்புகிறது. வெறுங்கல்லறையைக் கண்ட பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சினாய், வத்திக்கான் ஆகிய பழம்பெரும் கையெழுத்துப் படிகளில் நற்செய்தி முடிவது அந்த வரியில்தான்: 'ஏனெனில் அஞ்சினார்கள்.'